காணும் என்று நீ சொன்னது

தர்சி, கஜன், இதை இரண்டு பேரும் வாசியுங்கோ. கஜன், நீட்டாக எழுதினால் உனக்குப் பொறுமை இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வாசி. தர்சி, நீ இன்று விடிய பஸ் ஏறிப் போய்விட்டாய். நீ வீட்டில் நின்ற நாட்களில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ.

நீ வந்த அன்று தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. குசினி வாசலில் கிடக்கிற மரக்கதிரையில் இருந்துகொண்டு, "காணும் அப்பா" என்றாய்.

"என்ன பிள்ளை காணும்?"

"சேர்ஜரி. இனிக் காணும். திங்கக்கிழமை போய்ச் சொல்லப்போறன்."

அம்மா குசினிக்குள் நின்று எனக்குக் கையைக் காட்டினா, ஒன்றும் கேட்காதேங்கோ என்று. நான், "முகத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு பிள்ளை" என்றேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். சேர்ஜரிச் சோதினை திரும்பவும் சரிவரவில்லை. அது ஆறுகிறதுக்குள், நீ ஒப்பரேசன் செய்த ஒரு மனுசிக்கு உள்ளே இரத்தம் கசிந்து, திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்திருக்கிறார்கள். நீ கட்டின முடிச்சு ஒன்று வழுக்கியிருக்கிறது. மனுசி பிழைத்துவிட்டா. ஆனால் உன்னுடைய பெரிய டொக்டர் எல்லாருக்கும் முன்னால், முடிச்சுப் போடத் தெரியாத கை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருக்கிறதா, போகிறதா என்று திங்கட்கிழமை வந்து சொல்லச் சொன்னாராம்.

கஜன் அன்று சாப்பிடும்போது, "அக்கா, பேசாமல் என்ரை கடையிலை வந்து இரு. போன் திருத்திறதும் ஒப்பரேசன்தான். செத்தாலும் ஆரும் அழமாட்டினம்" என்றான். நீ வந்ததுக்கு அப்போதுதான் சிரித்தாய். சிரித்துப்போட்டு என்னைப் பார்த்து, "நீங்கள் எத்தினை டொக்டர்மாரைப் பாத்திருப்பியள். நீங்கள் சொல்லுங்கோ அப்பா, விடட்டோ?" என்று கேட்டாய்.

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். பதில் தெரியாமல் இருந்தேன் என்று நினையாதே. இரண்டு பதிலும் தெரிந்ததால்தான் பேசாமல் இருந்தேன்.

நான் ஆஸ்பத்திரித் தியேட்டரில் லேபராக இருந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆளைத் தள்ளிக்கொண்டு வருவது, மேசையில் தூக்கிக் கிடத்துவது, காலைப் பிடிப்பது, இரத்த வங்கிக்கு ஓடுவது, வெட்டியெடுத்ததைப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுப்பது, கடைசியில் நிலம் கழுவுவது. முழங்கால் போனது அந்த நிலத்தில்தான். சண்டைக் காலத்தைப் பற்றி இதில் எழுதவில்லை. அதை எழுத எனக்குப் பலம் இல்லை. ஆஸ்பத்திரியின் பேரையும் எழுதவில்லை. அங்கே இப்பவும் ஆக்கள் வேலை செய்கிறார்கள்.

ஒருவர் சேர்ஜன் ஆகிற பாதை எனக்குப் புத்தகத்தால் தெரியாது. நிலத்தில் இருந்து பார்த்துத் தெரியும். நிலத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு முதலில் தெரிவது செருப்பு. படிப்பு முடித்துப் புதிதாக வருகிற பிள்ளைகள் தியேட்டர் வாசலில் கிடக்கிற பொதுச்செருப்பில் எது காலுக்குக் கிட்டுகிறதோ அதைக் கொழுவிக்கொண்டு ஓடுவார்கள். வெட்டின இடத்தை விலக்கிப் பிடிக்கிற கொக்கியோடு நின்றபடி நித்திரை தூங்குவார்கள். அந்த வருசம் முடிந்ததும் அநேகம் பேர் போய்விடுவார்கள். மிஞ்சுகிற ஒன்றிரண்டு பேர் கையில் தடித்த புத்தகத்தோடு திரும்பி வருவார்கள். பிறகு சோதினை. பிறகு இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. பிறகும் சோதினை. பிறகு வெளிநாடு. இதற்கிடையில் கலியாணம், தகப்பன் சாவு, தலைமயிர் உதிர்வது எல்லாம் நடந்துவிடும். கடைசியில் ஒருநாள் சொந்தச் செருப்போடு வந்து நிற்பார்கள். அப்போது முகம் வேறு முகமாக இருக்கும்.

உன்னையும் அப்படித்தான் பார்த்தேன் தர்சி. முகாமுக்குள் இருந்து ஓ.எல். சோதினை எழுதினாய். புதுக்குடியிருப்புக்கு சைக்கிளில் ரியூசனுக்குப் போனாய். கம்பஸ் கிடைத்தபோது ஊரே வந்தது. அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மெலிந்து வந்தாய். எனக்குத் தெரிந்த உன்னுடைய படிப்பு அவ்வளவுதான்.

எங்கடை தியேட்டரில் இருந்த சேர்ஜனை நாங்கள் பெரியசேர் என்போம். யாழ்ப்பாணப் பக்கத்து ஆள். மெலிந்த மனிதர். கை கழுவும்போது யாரோடும் கதைக்க மாட்டார். விரலில் தொடங்கி முழங்கை வரை, ஒரு விரலுக்கு நாலு பக்கம் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். முழங்கையால் பைப்பைப் பூட்டிவிட்டு, கையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். அந்தக் கதவு திறந்தால் உள்ளே கதை நின்றுவிடும்.

அவர் சத்தம் போட்டு ஏசி நான் கண்டதில்லை. பிழை கண்டால் ஆயுதத்தைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நிற்பார். பிழை விட்டவர் தானாகக் கண்டுபிடிக்கும் மட்டும் நிற்பார். அதைவிட ஏச்சு வாங்கலாம் என்று டொக்டர் பிள்ளைகள் சொல்லுவார்கள்.

அவருடைய வாயில் இருந்தது ஒரே சொல். "காணும்." கொக்கியை இழுத்தது போதும் என்றாலும் காணும். நூலை வெட்டு என்றாலும் காணும். திறமாகச் செய்தாலும் காணும். இனி நீர் தொட வேண்டாம், தள்ளி நில்லும் என்றாலும் அதே காணும்தான். எந்தக் காணும் எது என்று நேசம் மிஸ்ஸிக்கு மட்டும் தெரியும். அவ புதுக்குடியிருப்பு ஆள், தியேட்டரில் ஆயுதம் எடுத்துக் கொடுக்கிற நேர்ஸ். அவரோடு நின்று நின்று பழகினவ.

அந்த நேரத்தில்தான் டொக்டர் யோகராஜ் வந்தார். மலையகத்துப் பிள்ளை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்து படித்து வந்தவர். சேர்ஜரிச் சோதினை ஒருமுறை எழுதித் தவறி, திரும்ப எழுதுவதற்குப் படித்துக்கொண்டு எங்கடை வாட்டில் வேலை செய்தார். என்னை "அண்ணே" என்பார்.

வந்த முதல் நாள் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியசேர், "காணும்" என்றார். இவர் விடவில்லை. இன்னும் இழுத்தார். பெரியசேர் திரும்பவும், "காணும்" என்றார். இவர், "ஆமா சார், நல்லா காணுது சார்" என்று இன்னும் பலமாக இழுத்தார். நேசம் மிஸ்ஸி மாஸ்க்குக்குள் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தட்டு ஆடியது. அவருடைய ஊரில் போதும் என்பதற்குப் போதும்தான். காணும் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது என்று நினைத்திருக்கிறார். வெளியில் வந்து நான் விளங்கப்படுத்தினேன். "இத மொதல்ல சொல்லக் கூடாதாண்ணே, அந்தாளு வயித்த கிழிச்சிருப்பேனே" என்றார்.

டொக்டர்மார் இளைப்பாறுகிற அறையில் ஒரு மரக்கதிரை இருந்தது. யோகராஜ் டொக்டர் மிஞ்சின நூலை எடுத்து அந்தக் கதிரையின் கைச்சட்டத்தில் முடிச்சுப் போட்டுப் பழகுவார். தேத்தண்ணி குடிக்கும்போதும் ஒரு கை போட்டுக்கொண்டிருக்கும். பின்னேரம் நான் கூட்டப் போகும்போது கதிரை முழுக்க நூல். அதை அகற்றுவதும் என் வேலைதான். துவக்கத்தில் அவர் போட்டது நகத்தால் தட்டக் கழன்று வரும். போகப் போக நகத்துக்கு வரவில்லை. பிளேட் வைத்து வெட்டினேன்.

ஒருநாள் காலமை ஹனீபா நானாவைக் கொண்டு வந்தார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறவர். இடம்பெயர்ந்து கனகாலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். கட்டாக்காலியாகப் போன மாட்டைத் தேடிக் காட்டோரம் போயிருக்கிறார். பன்றிக்கு யாரோ கட்டியிருந்த கட்டுத்துவக்கின் கம்பியில் மாட்டுக் கயிறு சிக்கிக் கிடந்திருக்கிறது. குனிந்து கயிற்றை இழுக்க, வெடித்துவிட்டது. தொடையிலும் அடிவயிற்றிலும் சன்னங்கள். லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கொண்டு வந்தவர்கள். மேசையில் ஏற்றும்போதும், "மாடு வந்திட்டுதாமோ?" என்றுதான் கேட்டார்.

வயிற்றைத் திறந்து பெரியசேர்தான் செய்தார். குடலில் ஓட்டைகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துத் தைத்தார். யோகராஜ் டொக்டர் எதிரில் நின்றார். என்னுடைய வேலை, இரத்தம் ஒற்றிப் போட்ட துணிகளை வாளியில் இருந்து எடுத்து, நிலத்தில் விரித்த றப்பர் சீலையில் வரிசையாகப் பரப்புவது. மூடுவதற்கு முதல் நேசம் மிஸ்ஸி அதையும் தன் மேசையில் கிடப்பதையும் எண்ணிப் பார்ப்பா. ஒரு துணி வயிற்றுக்குள் கிடந்துவிட்டால் ஆள் போச்சு. எண்ணினா. "துணி சரி" என்றா. பெரியசேர், "காணும். நீர் மூடும்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி, மூலையில் ஸ்ரூலில் இருந்து எழுதத் தொடங்கினார்.

யோகராஜ் டொக்டர் மூடிக்கொண்டு வந்தார். தொடைக் காயத்தை இன்னும் கட்டவில்லை. அதற்கு வைக்கப் புதுத்துணி முடிந்துவிட்டது. நேசம் மிஸ்ஸி என்னைப் பார்த்து, "சிவமண்ணை, துணி காணாது" என்றா.

எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. போதாது, இன்னும் கொண்டு வா என்கிறா. நான் அலுமாரிப் பக்கம் திரும்பினேன். பின்னால் டொக்டர், "எத்தன?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஒரு நாலஞ்சு, சேர்" என்று மிஸ்ஸி சொன்னா.

துணிப் பக்கற்றோடு நான் திரும்பி வரும்போது டொக்டர் தையலை வெட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை வழிகிறது. மூடின வயிற்றைத் திரும்பத் திறந்து கையை உள்ளே விட்டுவிட்டார்.

"சேர், என்ன செய்யிறியள்?" நேசம் மிஸ்ஸியின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நாலஞ்சு துணி காணாதுன்னீங்களே மிஸ்."

"ஐயோ சேர். அது காணேல்லை எண்டில்லை. காணாது எண்டனான். காலுக்கு வைக்க."

நான் பக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய ஊரில் காணாது என்றால் காணாமல் போனது. காணும் என்ற சொல்லை விளங்கப்படுத்தின எனக்கு, காணாது என்ற சொல் ஞாபகம் வரவில்லை. யாருக்கு வரும்? டொக்டர் வயிற்றுக்குள் கையை வைத்தபடி அப்படியே நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டது. மயக்க டொக்டர், "நல்ல தமிழ்" என்று முணுமுணுத்தார். யாரோ சிரித்தார்கள்.

பெரியசேர் பேனையை வைத்தார். "என்ன?"

மிஸ்ஸிதான் சொன்னா. அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, எழும்பாமலே சொன்னார். "துணி தேடத்தானே திறந்தனீர்?"

"சாரி சார்."

"தேடும்."

"துணி இல்ல சார், மிஸ் வந்து..."

"இருக்குதெண்டு நினைச்செல்லே திறந்தனீர். துவக்கத்திலையிருந்து தேடும். முழுக்க."

அது தண்டனை. எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கும் தெரிந்தது. இல்லாத துணியை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குடலை ஒரு முனையில் இருந்து கைக்குக் கை மாற்றித் தேடினார். மடிப்பு மடிப்பாக விலக்கினார். நேசம் மிஸ்ஸி அந்தரப்பட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. எனக்கு அங்கே நிற்க ஏலாமல் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வெளியே போனால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று நின்றேன்.

பிறகு கை நின்றது.

"சார்."

"என்ன, துணியோ?"

"இல்ல சார். இங்க கசியுது."

பெரியசேர் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார். குடல் சவ்வோடு சேருகிற பின்பக்கத்தில், கொழுப்புக்குள் மறைந்து, மிளகளவில் ஒரு ஓட்டை. அவர் வெளியே போனார். கை கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு விரலுக்கு நாலு பக்கம். அன்றும் குறைக்கவில்லை. திரும்பி வந்து, உடுப்புப் போட்டு, எதிர்ப்பக்கத்தில், உதவி செய்கிறவர் நிற்கிற இடத்தில் நின்றார். "தையும்" என்றார். யோகராஜ் டொக்டர் தைத்தார். பெரியசேர் கொக்கியைப் பிடித்தார்.

தைத்து முடிந்ததும் பெரியசேர் மெல்லச் சொன்னார். "நான் பாத்தது காணாது."

அந்தக் காணாதுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் நிலம் கழுவி முடித்து, இளைப்பாறுகிற அறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். யோகராஜ் டொக்டர் அந்தக் கதிரையில் இருந்தார். கையில் நூல் இல்லை.

"அண்ணே, நான் பொட்டிய கட்டுறேன்."

"ஏன் சேர்? எல்லாரும் உங்களைத்தான் கதைக்கினம்."

"அதான்ணே. நான் ஓட்டைய தேடல. இல்லாத துணிய தேடினேன். அந்தம்மா வேற மாதிரி சொல்லியிருந்தா அந்த மனுசன் செத்திருப்பாரு. மூடினது யாரு? நான் தானே."

தேத்தண்ணியை வைத்தேன். அதற்குள் பெரியசேர் வந்துவிட்டார். நான் ஒதுங்கினேன். அவர் கேட்டிருக்க வேண்டும். கதவில் நின்றபடியே, "போறதெண்டால் போம். ஹனீபா வீட்டை போனாப்பிறகு போம். அதுவரைக்கும் அவற்ரை காயம் உம்மடை பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹனீபா நானா கெதியில் வீட்டுக்குப் போகவில்லை. காயம் பழுதாகியது. காய்ச்சல் வந்தது. இன்னொருமுறை மேசைக்கும் வந்தார். ஒவ்வொரு நாளும் காயத்தைத் திறந்து, கழுவி, கட்டினது யோகராஜ் டொக்டர்தான். லீவு நாளிலும் வருவார். நானாவின் மனுசி முதலில் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்தா. நானாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் வாய் வந்துவிட்டது. "டொக்டர் தம்பி, துறந்து துறந்து மூடுறியளே, ஒரு சிப்பை வைச்சுத் தைச்சு விட்டிருக்கலாமே" என்பார்.

அவர் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போன அன்று நான்தான் வாசல் வரை கூட்டிப் போனேன். திரும்பி வந்து இளைப்பாறுகிற அறையைக் கூட்டினேன். கதிரையில் நூல் இருந்தது.

யோகராஜ் டொக்டர் அந்த முறையும் சோதினையில் தவறினார். அதற்குப் பிறகுதான் சரிவந்தது. இப்போது எங்கேயோ பெரிய சேர்ஜன். நல்லாய் இருக்கிறாரா என்றால், தெரியாது. ஒருமுறை போனில் கதைத்தபோது களைத்த குரலாக இருந்தது. "பத்தலண்ணே, நேரம் பத்தல" என்றார்.

விட்டுப் போனவர்களையும் எனக்குத் தெரியும் தர்சி. அதே வாட்டில் இருந்த ஒரு டொக்டர் பிள்ளை, சேர்ஜரி வேண்டாம் என்று விட்டுவிட்டு, இப்போது கனகராயன்குளப் பக்கம் சனத்துக்கு மருந்து கொடுக்கிறா. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறா. நான் முழங்காலுக்கு மருந்து எடுக்கப் போனபோது இருத்தி வைத்து ஆறுதலாகக் கதைத்தா. முகம் தெளிந்து இருந்தது. அவ தோற்றவ என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொய்.

அதனால்தான் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ சொன்ன காணும், பெரியசேருடைய எந்தக் காணும் என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நிற்க நேசம் மிஸ்ஸியும் இல்லை. நீ விட்டுவிட்டு வந்தாலும் இந்த வீட்டில் உன்னுடைய கட்டில் அதே இடத்தில்தான் கிடக்கும். விடாமல் நின்றாலும், மெலிந்து மெலிந்து வருவாய், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த மனுசி பிழைத்துவிட்டா என்று சொன்னாயே, அவ வீட்டுக்குப் போய்விட்டாவா என்று நான் கேட்டிருக்க வேணும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இன்று விடிய உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கஜன் கடைக்குப் போய்விட்டான். அம்மா கோயிலுக்குப் போய்விட்டா. குசினி வாசலைக் கூட்டலாம் என்று, நீ இருந்த மரக்கதிரையைத் தூக்கினேன். கைச்சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில், மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கறுப்பு நூல் முடிச்சுகள். அம்மாவின் தையல் பெட்டியில் இருந்து எடுத்த நூல். நீ எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தபோதே போட்டிருக்கிறாய் போல. நான் காணவில்லை.

கை பழக்கத்தில் உள்ளே போய் பிளேட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். கதிரையைச் சரித்து வைத்து, கடைசி முடிச்சை முதலில் நகத்தால் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. அதற்கு முந்தினதைத் தட்டினேன். அதுவும் வரவில்லை.

பிளேட்டைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தேன்.